கதிர்வீச்சும் உலோகக் களைப்பும்

காலபோக நெல் வெட்டி முடிந்து, மூட்டைகள் வயலிலிருந்து வீட்டுக்கும் சந்தைக்கும் போகின்ற மாசி, பங்குனி மாதங்களில், வன்னிப் பெருநிலத்தின் கிரவல் வீதிகளிலே உழவு இயந்திரப் பெட்டிகளுக்கு ஓய்வில்லை. அக்காலத்தில் மல்லாவியிலோ விசுவமடுவிலோ ஒரு பெட்டியின் அச்சு முறிந்து வீதியோரத்தில் சாய்ந்து கிடப்பது புதுமையான காட்சியன்று. புதுமை வேறோர் இடத்தில் இருக்கிறது. முதல்நாள் ஐம்பது மூட்டை நெல்லைச் சுமந்து பள்ளமும் திட்டியும் கடந்து வந்த அச்சு, மறுநாள் வெறும் பெட்டியுடன் சமதரையில் ஓடும்போது முறிந்து போவதுண்டு. பாரத்தைத் தாங்கிய இரும்பு, பாரமில்லாத வேளையில் ஏன் முறிந்தது என்று உரியவர் திகைத்து நிற்பார்.

முறிந்த துண்டைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், அனுபவம் மிக்க கொல்லர் அதன் முகத்தைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அம்முகத்தில் இரண்டு பகுதிகள் தெரியும். ஒரு பகுதி வழுவழுப்பாயும் மங்கலாயும் இருக்கும். இரணைமடுக் குளத்து நீர் வற்றி இறங்கும்போது கரைமணலில் விட்டுச் செல்லும் வரிகளைப் போன்ற வளைகோடுகள் அதிலே காணப்படும். மற்றப் பகுதியோ கரடுமுரடாய், புதிதாய் உடைத்த கற்கண்டைப்போல் மினுங்கும். கொல்லர் தமது பேச்சில் சொல்லுவார்: “இது இண்டைக்கு முறிஞ்சதில்லைத் தம்பி. முறியத் தொடங்கிக் கனகாலம். இண்டைக்கு மிச்சமும் போனது, அவ்வளவுதான்.”

அவர் கூறியது முழு உண்மை. மங்கலான பகுதி, பல மாதங்களாக, ஒருவேளை பல ஆண்டுகளாக, ஒரு விரிசல் மெல்ல மெல்ல ஊர்ந்து சென்ற பாதை. வளைகோடுகள் அது தங்கித் தங்கிச் சென்ற இடங்கள். மினுங்கும் பகுதியே கடைசிக் கணத்தில் ஒரே அடியாய் முறிந்த பகுதி. இந்த நிகழ்ச்சிக்கு அறிவியலார் இட்ட பெயர் உலோகக் களைப்பு என்பது. 1830களில் பிரெஞ்சுப் பேராசிரியரான பொன்செலே என்பார் இச்சொல்லை முதலில் ஆண்டார் என்பர். சொல் அழகானதே, ஆயினும் ஒரு வகையில் மயக்கம் தருவது. களைத்த மாடு ஓர் இரவு படுத்து எழுந்தால் களை தீர்ந்துவிடும். களைத்த இரும்போ ஓராண்டு கொட்டிலில் கிடந்தாலும் களை தீராது. அதனுள்ளே பிறந்துவிட்ட விரிசல் நின்ற இடத்திலேயே காத்திருந்து, மறுபடி பாரம் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இதனை உலகம் உணரப் பலர் உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. 1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி, பாரிசு நகருக்கும் வெர்சாய்க்கும் இடையே சென்ற புகையிரதத்தின் இயந்திர அச்சொன்று முறிந்து, வண்டிகள் ஒன்றன்மேலொன்று ஏறித் தீப்பற்றியதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் பிரசிய நாட்டுப் புகையிரதப் பொறியியலாளரான வோலர், அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி, எத்தனை சுற்றில் எந்தப் பாரத்தில் முறிகின்றன என்று ஆண்டுக்கணக்காய் எண்ணினார். ஒரு தடவையில் முறிக்க வேண்டிய விசையிலும் மிகக் குறைந்த விசை, இலட்சக்கணக்கான தடவை மாறி மாறி வந்தால் போதும் என்பது அவர் கண்ட முடிவு. 2013ஆம் ஆண்டு செப்டெம்பரில் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்ததிலிருந்து, புதிதாய் இட்ட தண்டவாளங்களின்மேல் ஒவ்வொரு சில்லு உருளும்போதும் அவை ஒருமுறை வளைந்து நிமிர்கின்றன. அந்தக் கணக்கும் வோலரின் கணக்கே.

இதுவரை கூறியது பட்டறைக்கும் புகையிரதப் பாதைக்கும் உரிய செய்தி. இதே களைப்பு, அணு உலை ஒன்றின் உள்ளே, கதிர்வீச்சின் நடுவே நிகழுமாயின் என்னாகும் என்பதே இவ்வுரையின் பொருள். வன்னியில் அணு உலை ஏது என்று நேயர் ஒருவர் கேட்கலாம். வன்னியில் இல்லை, இலங்கைத் தீவில் மின்சாரம் ஆக்கும் அணு உலை எதுவுமே இல்லை. ஆயினும் நிலப்படத்தை விரித்துக் கிளிநொச்சியின்மேல் ஒரு விரலை வைத்துப் பார்த்தால், வடக்கே கடலுக்கு அப்பால் ஏறக்குறைய 350 கிலோமீற்றர் தூரத்தில் கல்பாக்கம் இருக்கிறது. தென்மேற்கே ஏறக்குறைய 325 கிலோமீற்றரில் கூடங்குளம் இருக்கிறது. கற்பிட்டியிலிருந்து பார்த்தால் கூடங்குளம் இன்னும் கிட்ட, 225 கிலோமீற்றர் அளவுதான். இரண்டு அணு மின்னிலையங்களுக்கு நடுவே, இரண்டுக்கும் ஏறத்தாழச் சம தூரத்தில் வாழும் மக்கள், அங்கே உள்ள உருக்கும் குழாயும் எவ்வாறு முதுமை அடைகின்றன என்று அறிய விரும்புவது வீண் ஆவல் அன்று. கூடங்குளத்தின் முதல் உலை 2013ஆம் ஆண்டு ஜூலையில் இயங்கத் தொடங்குமுன், இடிந்தகரை மீனவர் நெடுநாள் போராடினர். அப்போது இக்கரையிலும் அச்சம் பேசப்பட்டது. அச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ இவ்வுரை முயலவில்லை. எதை அஞ்சவேண்டும், எதை அஞ்சவேண்டாம் என்று பிரித்தறிய உதவினால் அதுவே அமையும்.

உலோகம் ஏன் வளைகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இரும்பினுள் அணுக்கள், நாற்று நட்ட வயல்போல வரிசை வரிசையாய் நிற்கின்றன. இரும்பை வளைக்கும்போது ஒரு வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் மற்றொரு வரிசைமேல் வழுக்குவதில்லை. ஏ-ஒன்பது வீதியோரத்தில் நெல் காயவிடுகின்றவர்கள் படங்கை நகர்த்துவதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். நனைந்த பெரிய படங்கை ஒரேயடியாய் இழுத்தால் அது அசையாது. ஓர் ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி, அம்மடிப்பைக் காலால் தள்ளிக்கொண்டே மறு ஓரத்துக்குக் கொண்டுபோனால், படங்கு முழுவதும் ஒரு சாண் நகர்ந்துவிடும். உலோகத்தினுள்ளும் அணுவரிசையில் இத்தகைய மடிப்புகள் இருக்கின்றன. அவை ஓடுவதால்தான் உலோகம் உடையாமல் வளைந்து கொடுக்கிறது. அதே மடிப்புகள் பாரம் மாறும்தோறும் முன்னும் பின்னும் ஓடி, மேற்பரப்பில் மேடும் பள்ளமும் ஆக்கி, அந்தப் பள்ளமொன்றிலே விரிசலைப் பிறப்பிக்கின்றன. உலோகத்தின் நற்குணமும் அதன் களைப்பும் ஒரே இடத்திலிருந்து தோன்றுபவை.

இனி நியூத்திரன் வருகிறது. யுரேனிய அணு பிளக்கும்போது வெளிப்படும் இத்துகள், இரும்பணுவோடு ஒப்பிட்டால் ஐம்பத்தாறில் ஒரு பங்கு நிறையே உடையது. ஆனால் அதன் வேகம் பெரிது. போளை அடிக்கும் சிறுவன் குறிபார்த்து விட்ட போளை, அடுக்கி வைத்த போளைகளுக்குள் பாய்ந்து அவற்றைச் சிதறடிப்பதுபோல, அது ஓர் அணுவை மோத, அவ்வணு இன்னொன்றை மோத, ஒரே அடியில் சில நூறு அணுக்கள் தம் இடத்தை விட்டுப் பெயர்ந்துவிடுகின்றன. இடம்பெயர்தல் என்ற சொல்லின் பொருளை வன்னி மக்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. பெயர்ந்த அணு தன் வீட்டை வெறுமையாய் விட்டு, இன்னொருவர் வீட்டு முற்றத்தில் நெருங்கி ஒண்டிக்கொள்கிறது. அவற்றுள் மிகப் பல, கணத்தின் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்கும் முன்னரே ஏதோவொரு வெறுமையான வீட்டை அடைந்துவிடுகின்றன. மீள முடியாத சிலவே சிறு சிறு கூட்டங்களாய் உறைந்து நின்று தொல்லை தருகின்றன. வெறுமையான இடங்களும் ஒன்றுகூடிக் குழிகளாகின்றன.

இச்சேதத்தை அளக்க ஒரு கணக்கு உண்டு. ஓர் அணு சராசரியாய் எத்தனை தடவை இடம்பெயர்ந்தது என்பதே அது. கூடங்குளம் போன்ற உலைகளின் பெரிய உருக்குக் கலத்தின் சுவரில், நாற்பதாண்டுக் காலத்தில் பத்தில் ஓர் அணுவே ஒரு தடவை பெயரும். பெரும்பாலும் அதிலும் குறைவு. உலையின் நடுவே, எரிபொருளை மூடியிருக்கும் மெல்லிய குழாயிலோ, வேக உலையாயின் ஒவ்வோர் அணுவும் சில ஆண்டுகளுள் பல பத்துத் தடவை இடம்பெயர்ந்துவிடும். அத்தனை தடவை பெயர்ந்த பின்னும் அது குழாயாகவே நிற்பது, சேதத்திலும் பெரிய வியப்பு.

மேற்கூறிய படங்கின்மேல் ஆங்காங்கே கற்களை வைத்தாற் போன்றவை இந்த உறைந்த கூட்டங்கள். மடிப்பு ஓட முடியாமல் தடைப்படுகிறது. ஆதலால் உலோகம் முன்னிலும் கடினமாகிறது. கதிர்வீச்சுப் பட்ட உருக்கை இழுத்துப் பார்த்தால் அதன் வலிமை கூடியிருக்கும். இதைக் கேட்டவுடன் நன்மை என்று எண்ணத் தோன்றும். இவ்விடத்திலேதான் ஏமாற்றம் இருக்கிறது. அளவுக்கு மேல் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த காட்டுக்கத்தியின் வாய் மிகவும் கடினமாயிருக்கும். ஆனால் ஒரு பாலைமரக் கணுவில் பட்டதும் பல்லுப் பல்லாய்ப் பெயர்ந்துபோகும். கடினம் வேறு, முறியாமல் தாங்குதல் வேறு. விரிசலின் நுனியில் உலோகம் சிறிது வளைந்து கொடுத்தால்தான் அந்நுனி மழுங்கி நிற்கும். வளைய முடியாத உலோகத்தில் நுனி கூர்மை குன்றாமலே நிற்கும்.

இன்னொன்றும் நிகழ்கிறது. தடைகளை முட்டி மோதி ஒரு மடிப்பு எப்படியோ ஒரு பாதையைத் திறந்துவிட்டால், அப்பாதையிலுள்ள கற்கள் துடைக்கப்பட்டுவிடும். பின்வரும் மடிப்புகள் எல்லாம் அந்த ஒரே ஒழுங்கையில் விரைகின்றன. உடல் முழுவதும் பகிர்ந்து தாங்கவேண்டிய வளைவை ஒரு சில ஒழுங்கைகள் மட்டும் தாங்குகின்றன. அங்கே விரிசல் பிறப்பது எளிது.

அப்படியானால் கதிர்வீச்சுப் பட்ட உலோகம் விரைவில் களைக்குமா? ஆம் என்று ஒரு சொல்லில் விடை கூறுபவர் பாதி உண்மையே கூறுகின்றார். சிறிய விசை கோடித்தடவை மாறி மாறி வரும் இடத்தில், கடினமான உலோகம் முன்னிலும் நெடுங்காலம் தாங்குவதும் உண்டு. பெரிய அளவில் வளைத்து நிமிர்த்தும் இடத்தில், உதாரணமாக உலையைச் சூடாக்குவதும் ஆற்றுவதுமாகிய பெரும் மாற்றங்களில், அதன் ஆயுள் குறைகிறது. விரிசல் பிறந்த பிறகு அது ஒவ்வொரு சுழற்சியிலும் ஊரும் வேகத்தை, பெரிய கலங்களின் உருக்கில் கதிர்வீச்சு அதிகம் மாற்றுவதில்லை என்றே பல சோதனைகள் காட்டியுள்ளன. சூடான நீரே அவ்வேகத்தைக் கூட்டுவதில் அதனிலும் பெரிய குற்றவாளி. அவ்வாறாயின் கதிர்வீச்சு செய்யும் கேடு எங்கே ஒளிந்திருக்கிறது?

கொல்லர் காட்டிய முறிந்த முகத்துக்கு மீண்டும் வந்தால் விடை கிடைக்கும். மங்கலான பகுதி எவ்வளவு தூரம் போனபின் மினுங்கும் பகுதி தொடங்கியது? அந்த எல்லையை முடிவு செய்வது உலோகத்தின் முறிவைத் தடுக்கும் ஆற்றல். கதிர்வீச்சு குறைப்பது இவ்வாற்றலையே. இதிலே ஒரு கடுமையான கணக்கு உண்டு: இவ்வாற்றல் பாதியாய்க் குறைந்தால், தாங்கக்கூடிய விரிசலின் நீளம் பாதியாய் அன்று, காற்பங்காய்க் குறையும். புதிய உலோகம் 40 மில்லிமீற்றர் விரிசல் வரை தாங்குமானால், ஆற்றல் பாதியான உலோகம் 10 மில்லிமீற்றரிலேயே முறிந்துவிடும்.

இந்தக் கணக்கை இன்னும் ஒரு படி தொடர்வது நன்று. விரிசல் சிறிதாயிருக்கையில் மிக மெதுவாகவும், பெரிதாகப் பெரிதாக விரைவாகவும் ஊரும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கரான பாரிசு என்பார் வகுத்த விதி இதற்கு உண்டு. அவ்விதியின்படி, வழமையான மும்மடி வளர்ச்சியைக் கொண்டு கணித்தால், 1 மில்லிமீற்றரில் தொடங்கிய விரிசல் 40இல் முறியாமல் 10இல் முறிவதால் இழக்கும் ஆயுள் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவே. பெரும்பகுதி ஆயுள் விரிசல் சிறிதாயிருக்கும்போதே கழிந்துவிடுகிறதல்லவா? இதைப் பார்த்து ஒருவர் ஆறுதல் அடையலாம். ஆனால் சோதகர் ஒருவரின் கருவி 5 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட விரிசலையே காணும் என்று வைத்துக்கொள்வோர், அந்த 5இலிருந்து முறிவு வரையுள்ள காலத்தைக் கணித்துப் பார்க்க வேண்டும். அது முன்னிருந்ததில் பாதிக்கும் குறைந்துவிடுகிறது. கதிர்வீச்சு ஆயுளில் சிறிதையே எடுத்துக்கொள்கிறது. கண்டுபிடிப்பதற்கு இருந்த அவகாசத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. ஈராண்டுக்கு ஒருமுறை பார்த்தாற் போதும் என்றிருந்த இடத்தை ஆண்டுதோறும் பார்க்கவேண்டிய நிலை இவ்வாறுதான் வருகிறது. பார்க்காமல் விட்டால் வரும் இழப்பும் இவ்வாறே.

கல்பாக்கத்தில் 1983இலும் 1985இலும் இயங்கத் தொடங்கிய சென்னை அணுமின் நிலைய உலைகள் இரண்டும் பெரும் உருக்குக் கலத்தை நம்பியவை அல்ல. ஒவ்வொன்றிலும் 306 குழாய்கள் கிடையாய் அமைந்துள்ளன. ஒவ்வொரு குழாயினுள்ளும் எரிபொருளும், வளியமுக்கத்தைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு அழுத்தத்தில் ஓடும் சூடான கனநீரும் உண்டு. குழாய்கள் சிர்க்கோனியம் என்னும் உலோகத்தின் கலப்பு. அதைச் சூழ்ந்து இன்னொரு குழாய். இரண்டுக்கும் இடையே வாயு. ஒன்றையொன்று தொடாதபடி இடையிடையே மாலைபோன்ற சுருள் வளையங்கள். கதிர்வீச்சிலும் வெப்பத்திலும் உட்குழாய் ஆண்டாண்டாய் நீண்டு, பழைய கொடிக்கயிறுபோல் நடுவிலே தொய்கிறது. வளையங்கள் அதிர்வினால் இடம் விலகியிருந்தால், தொய்ந்த குழாய் குளிர்ந்த வெளிக்குழாயைத் தொட்டுவிடும். தொட்ட இடம் குளிரும். அரிப்பினால் உலோகத்தினுள் புகுந்த ஐதரசன் குளிர்ந்த இடத்தை நாடிச் சென்று சேர்ந்து, கொப்புளமாய் உறைந்து, வெடித்து விரியும். விரிசலின் நுனியில் மீண்டும் ஐதரசன் கூடும், மீண்டும் வெடிக்கும். பாரம் மாறி மாறி வராமலே, நின்ற பாரத்திலேயே ஊரும் விரிசல் இது. கதிர்வீச்சினால் கடினமான குழாயில் இது இன்னும் விரைவாய் ஊரும்.

கனடாவின் பிக்கரிங் நிலையத்து இரண்டாம் உலையில் 1983ஆம் ஆண்டு ஆகஸ்டு முதலாந் திகதி இது நடந்தே விட்டது. முன்னறிவிப்பு எதுவுமின்றி ஒரு குழாய் ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளத்துக்குக் கிழிந்தது. பணியாளர் உலையை ஒழுங்காய் நிறுத்தியதால் வெளியே கேடு நேரவில்லை. ஆனால் அதே வகைக் குழாய்களை வைத்திருந்த எல்லா நாடுகளும் கண் விழித்தன. இந்தியாவும் தன் பழைய உலைகளில் குழாய்களை மாற்ற முடிவு செய்தது. 2000களின் முற்பகுதியில் கல்பாக்கத்தின் இரண்டு உலைகளும் ஒன்றன்பின் ஒன்றாய் நிறுத்தப்பட்டு, 306 குழாய்களும் கழற்றப்பட்டன. ஐதரசனைக் குறைவாய் உட்கொள்ளும், நையோபியம் கலந்த புதிய குழாய்கள் இடப்பட்டன. கதிர்வீச்சு நிறைந்த இடத்தில் மனிதர் நின்று செய்த வேலை அது. உலையைக் கட்டியவரின் பெயர் விழாவில் வாசிக்கப்படும். குழாயை மாற்றியவரின் பெயரை எவரும் வாசிப்பதில்லை.

இக்குழாய்களைக் காப்பதற்கு ஓர் எளிய உத்தி உண்டு. இரு குழாய்களுக்கும் இடையே ஓடும் வாயுவின் ஈரத்தை இடைவிடாது அளப்பதே அது. விரிசல் சுவரைக் கடந்து ஒரு துளி நீர் கசிந்தாலும் ஈரம் கூடும், மணி அடிக்கும், உலை நிற்கும். முறியுமுன் கசிய வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நம்பிக்கை. பிக்கரிங்கில் அந்த நம்பிக்கை பொய்த்தது. கசிவு முந்தவில்லை, முறிவு முந்திற்று. குஜராத்தின் காக்ரபார் முதல் உலையில் 2016ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆந் திகதி ஒரு குழாய் கசிந்து, உலை உடனே நிறுத்தப்பட்டது. ஆராய்ந்தபோது குழாயின் வெளிப்புறத்தில் அரிப்பின் தழும்புகள் காணப்பட்டன. அது புதிய வகைக் குழாய். பழைய நோயும் அதற்கு இல்லை. எல்லா விரிசலுக்கும் கதிர்வீச்சையே காரணம் சொல்லிவிட்டால் உண்மைக் காரணம் தப்பித்துக்கொள்ளும் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று.

கல்பாக்கத்திலேயே 1985ஆம் ஆண்டு ஒக்டோபரில் இயங்கத் தொடங்கிய சிறிய வேக உலை இன்னொரு பாடசாலை. அதனைக் குளிர்விப்பது நீரன்று, உருகிய சோடியம். அங்கே எரிபொருளைச் சுற்றியிருக்கும் துருவேறா உருக்கில் வெறுமையான இடங்கள் குழிகளாய்த் திரண்டு, உருக்கு சோற்றுப் பருக்கைபோல் பருத்துவிடும். ஸ்கொட்லாந்தின் டூன்றே உலையிலிருந்து எடுத்த உருக்கில் இக்குழிகளைக் கண்டு கோதோன், புல்ட்டன் என்ற இருவர் 1967இல் வெளியிட்டபோதுதான் உலகம் இதனை அறிந்தது. நிக்கல் அணுக்களிலிருந்து பிறக்கும் ஈலிய வாயுவும் உலோக மணிகளின் எல்லைகளில் குமிழியாய்ச் சேர்ந்து, சூட்டில் அவற்றைப் பிரிக்கப் பார்க்கும். உருக்கைக் குளிர்நிலையில் முன்னரே அடித்து நசுக்குவதும், சிறிது தைத்தேனியம் சேர்ப்பதும் பருத்தலைத் தாமதிக்கச் செய்யும். கதிர்பட்ட துண்டுகளைக் கனத்த கண்ணாடிக்குப் பின்னால் நின்று, இயந்திரக் கைகளால் அறுத்து, இழுத்து, முறித்துப் பார்க்கும் கூடங்கள் கல்பாக்கத்தில் உள்ளன.

கூடங்குளம் போன்ற உலைகளில் குழாய்களுக்குப் பதில் ஒரே கனத்த கலம். குழாயை மாற்றலாம், கலத்தை மாற்ற வழியில்லை. அதன் கேடு குளிரிலே இருக்கிறது. உருக்கு ஒரு குறித்த வெப்பநிலைக்குக் கீழே வந்தால் கண்ணாடிபோல் நொறுங்கும். 1943ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் போட்லண்டுத் துறையில் கட்டி நின்ற புதிய எண்ணெய்க் கப்பலொன்று குளிர்ந்த இரவில், அலையோ மோதலோ இன்றி, இரண்டாய்ப் பிளந்தது இதனாலேயே. கதிர்வீச்சு அந்தக் குறித்த வெப்பநிலையை ஆண்டாண்டாய் மேலே தள்ளுகிறது. உருக்கிலே செம்பு, பொசுபரசு, நிக்கல் ஆகியவை மிகுந்திருந்தால் அதிகமாய்த் தள்ளும். உலை இயங்கும் சூட்டில் கேடில்லை. ஏதோவொரு விபத்தில் குளிர்ந்த நீர் திடீரெனப் பாய்ச்சப்பட்டால், சுவரின் உட்புறம் சுருங்கி இழுபட, அங்கே முன்னரே ஒரு விரிசல் இருந்தால், அப்போதுதான் கேடு.

களைப்பு ஓய்வினால் தீராது என்று முன்னர் கூறப்பட்டது. கதிர்வீச்சின் கேடோ ஒரு மருந்துக்கு இணங்கும். கொல்லர் அடித்து இறுகிய இரும்பைக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டு இளக்குவதுபோல, கலத்தையே காய்ச்சி ஆற்றலாம். ருசியாவின் நோவோவொரோனெசு மூன்றாம் உலையின் கலத்தை 1987இல் அவ்வாறு செய்தனர். பின்லாந்தின் லோவீசா முதல் உலைக்கு 1996இல் செய்தனர். 430 முதல் 475 செல்சியஸ் பாகை வரையான சூட்டைப் பல நாட்கள் வைத்திருந்தபோது, உறைந்து நின்ற கூட்டங்கள் பெரும்பாலும் கலைந்து, உருக்கு தன் பழைய இணக்கத்தைப் பெருமளவு மீளப் பெற்றது. ஆனால் விரிசல் ஏதும் பிறந்திருந்தால் அந்தச் சூடு அதனை மூடாது.

கலத்தின் நிலையை அறிய வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் ஒரு முறை கையாளப்படுகிறது. கலத்தை வார்க்கும் அன்றே, அதே உருக்கிலிருந்தும் அதன் ஒட்டுகளிலிருந்தும் 55 மில்லிமீற்றர் நீளமும் 10 மில்லிமீற்றர் கனமும் உள்ள சிறு துண்டுகள் வெட்டி எடுக்கப்படும். அவை பெட்டிகளில் அடைக்கப்பட்டு, கலத்தின் சுவருக்கு உட்புறம், எரிபொருளுக்கு இன்னும் கிட்டத் தொங்கவிடப்படும். சுவரிலும் கூடுதலான நியூத்திரன் அவற்றில் விழுவதால், சுவர் பல ஆண்டுகளுக்குப் பின் அடையப்போகும் முதுமையை அவை முன்னரே அடைந்துவிடும். குறித்த ஆண்டுகளில் ஒவ்வொரு பெட்டியாய் எடுத்து, பிரெஞ்சுக்காரரான ஷார்ப்பி 1901இல் வகுத்த முறைப்படி, ஊசலாடும் சுத்தியலால் அடித்து முறித்து, முறிக்கச் செலவான சக்தியைக் குறித்துக்கொள்வர். 1969இல் இயங்கத் தொடங்கிய தாராப்பூர் உலைகளிலும் இத்தகைய துண்டுகள் வைக்கப்பட்டன.

ஆனால் முறித்த துண்டு முறித்ததுதான். முதல்நாள் வைத்த துண்டுகளின் தொகை அளவானது. பின்னர் சேர்க்க முடியாது, சேர்த்தாலும் அவை அத்தனை ஆண்டுக் கதிர்வீச்சைக் கண்டவை அல்ல. நாற்பதாண்டுக்கென்று கட்டிய உலைகளை அறுபதாண்டு ஓட்ட இப்போது பல நாடுகள் முற்படுகின்றன. அங்கெல்லாம் பெட்டிகள் தீர்ந்துவருகின்றன. ஆகவே முன்னர் முறித்த பாதித் துண்டுகளைத் தேடி எடுத்து, இரு புறமும் புதிய உருக்கை ஒட்டி, நடுவிலே மட்டும் பழைய உருக்கு நிற்கும்படி செய்து, அதே துண்டை இரண்டாம் முறையும் சுத்தியலின் கீழ் வைக்கின்றனர்.